பெட்டியில் 1500 லூமன், சுட்டால் இருட்டு

ஆயுதம் ஏந்திய பாதுகாவலர்களுக்குத் துப்பாக்கி விளக்கு வாங்க வருகிறவர்கள், கோலாலம்பூரானாலும் பினாங்கானாலும், முதலில் கேட்பது "எத்தனை லூமன்?" என்றுதான். 80 மலேசிய வெள்ளிக்கு 1500 லூமன் என்று இணையக் கடைகள் கூவுகின்றன. கடை மேசையில் போட்டுப் பார்த்தால் எல்லா விளக்கும் கண்ணைப் பறிக்கத்தான் செய்யும். பத்துத் தோட்டா சுட்ட பிறகு எரிகிறதா என்று பாருங்கள், சங்கதி தெரிந்துவிடும்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுவோம். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் துப்பாக்கி மட்டுமல்ல, அதன் உறுப்புப் பாகங்களும் ஆயுதமே. போலித் துப்பாக்கி வைத்திருப்பதும் குற்றம். அதனால் "பொம்மைத் துப்பாக்கிக்குத்தான்" என்று சொல்லி இந்தச் சாமான்களை வரவழைக்காதீர்கள். வேலைத் துப்பாக்கி நிறுவனத்தின் உரிமத்தில் இருப்பது. அதில் எதை மாட்டுவதானாலும் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். சந்தேகம் இருந்தால் போலீஸ் உரிமப் பிரிவில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

லூமன் என்பது விளக்கு உமிழும் மொத்த வெளிச்சம். கைவிளக்குகளுக்கான எஃப்எல் 1 என்ற தரத்தின்படி அதை விளக்கு போட்ட 30 விநாடியிலிருந்து 120 விநாடிக்குள் அளக்க வேண்டும். மலிவு விளக்குகளின் எண், போட்ட நொடியில் அளந்ததாகவோ எல்இடி சில்லின் உச்சக் கணக்காகவோ இருக்கும். உங்களுக்கு வேண்டிய எண் கேண்டலா, அதாவது ஒளிக்கற்றையின் நடுச்செறிவு. அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் ஒளி எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும். 10,000 கேண்டலாவுக்கு 200 மீட்டர், 40,000க்கு 400 மீட்டர். ஆனால் அந்தத் தூரத்தில் விழுவது 0.25 லக்ஸ், ஏறக்குறைய முழுநிலா வெளிச்சம். ஆளை அடையாளம் காண அது போதாது. அடுக்குமாடியின் அடித்தளக் கார் நிறுத்துமிடத்துக்கு 10,000 கேண்டலாவே தாராளம். அதற்கு மேல் போனால் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பி பாதுகாவலரின் கண்ணைத்தான் முதலில் குருடாக்கும்.

உண்மையான சிக்கல் பேட்டரி அறைக்குள் இருக்கிறது. சிஆர்123ஏ என்ற குட்டை லித்தியம் பேட்டரி ஒன்றின் எடை சுமார் 17 கிராம், 18650 என்ற நீளமான மறுமின்னேற்றப் பேட்டரி என்றால் சுமார் 46 கிராம். சுடும்போது விளக்குக்கு ஆயிரம் 'ஜி' அதிர்ச்சி, அதாவது புவியீர்ப்பைப்போல ஆயிரம் மடங்கு, என்று வைத்துக்கொண்டால், அந்தக் கணத்தில் 17 கிராம் பேட்டரி 17 கிலோ போலவும், 46 கிராம் பேட்டரி 46 கிலோ போலவும் இடிக்கும். துப்பாக்கி பின்னால் பாய்கிறது, விளக்கின் கூடும் கூடவே பாய்கிறது, பேட்டரியோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. அதனால் அது முன்பக்கத் தொடுமுனையில் மோதும். அங்கே சுருள்வில் இல்லாமல் வெறும் பித்தளைக் குமிழ் இருந்தால், இடி முழுவதும் டிரைவர் பலகையின், அதாவது எல்இடிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சுற்றுப்பலகையின், சால்டரில் இறங்கும். இருபது முப்பது தோட்டாவில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். பிறகு துப்பாக்கி தோளில் முட்டி நிற்கும், பேட்டரி பின்னோக்கி ஓடும், முன்பக்கம் இடைவெளி விழும். ஆயிரத்தில் சில விநாடிகள்தான். ஆனால் உள்ளே இருக்கும் நுண்கட்டுப்பாட்டுச் சில்லுக்கு அதுவே போதும். மின்சாரம் போய் வந்ததாக எடுத்துக்கொண்டு அடுத்த நிலைக்குத் தாவிவிடும். முழு வெளிச்சத்தில் சுட்டவர் இரண்டாம் தோட்டாவுக்கு மினுக்கு விளக்கோடு நிற்பார்.

இதற்கு மருந்து இரண்டு முனையிலும் சுருள்வில். எஃகுக் கம்பியில் இல்லை, பாஸ்பர் வெண்கலத்திலோ பெரிலியம் செம்பிலோ. கூடவே சில்லைச் சில மில்லிவிநாடி தாங்கிப் பிடிக்க ஒரு மின்தேக்கி. வாங்கும்போதே சோதிக்கலாம். விளக்கை எதிலும் மாட்டாமல் கையில் எடுத்து, எரியவிட்டு, வால்பக்கத்தை உள்ளங்கையில் நாலைந்து முறை ஓங்கித் தட்டுங்கள். பிறகு தலைப்பக்கம். ஒரு முறை சிமிட்டினாலும் பெட்டியிலேயே திருப்பி வைத்துவிடுங்கள்.

பேட்டரியில் இன்னொரு ஆபத்து. இரண்டு சிஆர்123ஏ சேர்ந்தால் 6 வோல்ட். அதே அளவில் வரும் மறுமின்னேற்றப் பேட்டரி இரண்டு, முழுச் சார்ஜில் 8.4 வோல்ட் தரும். ஆறுக்கு என்று செய்த டிரைவர் கருகிப்போகும். பழையதையும் புதியதையும் சேர்த்துப் போட்டால், தீர்ந்துபோன பேட்டரி வழியாக மற்றது தொடர்ந்து மின்னோட்டத்தைத் தள்ளி அதன் துருவத்தைத் தலைகீழாக்கும், அது வாயு கக்கி வெடிக்கவும் கூடும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து மாற்றுங்கள்.

அடுத்தது பிடி. 1995இல் வந்த மில்-எஸ்டிடி-1913, துப்பாக்கியில் விளக்கு மாட்டும் இந்தத் தரத்தை நாம் பிகாடினி தண்டவாளம் என்போம், அதன் காடி 5.23 மி.மீ. அகலம், 3 மி.மீ. ஆழம், காடிக்குக் காடி 10.01 மி.மீ. பழைய வீவர் தண்டவாளத்தின் காடி 4.57 மி.மீ.தான். விளக்குப் பிடியின் அடியில் இருக்கும், பிகாடினிக்கான குறுக்குக் கட்டை வீவர் காடிக்குள் இறங்காது. அரைகுறையாக மேலே உட்கார வைத்து முறுக்கினால் இறுகியதுபோலத் தெரியும், முதல் தோட்டாவில் நகரும்.

மாட்டுவதற்கு முன் துப்பாக்கியைக் காலி செய்து, குழாயின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையையும் விரலால் தொட்டுப் பார்த்து, தோட்டாக்களை வீட்டின் அல்லது அலுவலகத்தின் வேறொரு அறைக்கு அனுப்பிவிடுங்கள். தண்டவாளத்திலும் திருகிலும் இருக்கும் எண்ணெயை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து எடுங்கள். நடுத்தர வலு, அதாவது நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், கழற்ற நெருப்பு வைக்க வேண்டி வரும். குறுக்குக் கட்டையைக் காடியின் முன்சுவரில் முட்டுமாறு விளக்கை முன்னுக்குத் தள்ளிப் பிடித்தபடி இறுக்குங்கள். பின்னுதைப்பில் விளக்கு அந்தப் பக்கம்தான் நகரப் பார்க்கும். முன்கூட்டியே முட்டியிருந்தால் நகர இடமிராது. இறுக்கத்துக்கு டார்க் திருப்புளி, அதாவது முறுக்குவிசையை அளந்து இறுக்குவது, அளவு தயாரிப்பாளர் சொன்னது. கடைசியில் திருகுத் தலையிலிருந்து பிடிவரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. கோடு உடைந்திருந்தால் திருகு சுழன்றிருக்கிறது என்று யார் பார்த்தாலும் தெரியும்.

பம்ப் ஷாட்கன்னில் விளக்கைத் தோட்டாக் குழாயில் வளையம் போட்டுப் பிடிப்பார்கள். அந்தக் குழாய் மெல்லிசு. பலம் இருக்கிறது என்று முறுக்கினால் குழாய் நசுங்கி, உள்ளே தோட்டா தள்ளும் மூடி சிக்கிக்கொள்ளும். விளக்கு அருமையாக எரியும், தோட்டா வராது.

சொந்தமாகப் பிடி கடையவைப்பவர்களுக்கு, ஷா ஆலாமோ பாயான் லெப்பாஸோ, ஒரு வார்த்தை. 6061 ரக அலுமினியத்தில் கடின அனோடைஸ், அதாவது மின்வேதி முறையில் ஏற்றும் ஆக்சைடு பூச்சு, 50 மைக்ரான் போட்டால் பாதி வெளியே வளரும். மரைச்சுற்றில் அந்த 25 மைக்ரான் நான்கு மடங்காகி, விட்டத்தில் 0.1 மி.மீ. மாற்றமாகும். வரைபடத்தில் கணக்கிடாவிட்டால் மூடி ஏறாது. அனோடைஸ் மின்காப்புப் பூச்சும்கூட. கூடு வழியே மின்சுற்று முடியும் விளக்கில் மரையின் விளிம்பைப் பூசாமல் விட வேண்டும்.

நம் ஊர் மழைக்கும் ஒரு கணக்கு உண்டு. எரிந்து சூடான விளக்கின் மேல் திடீர் மழை விழுந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மூடியில் நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் ஓ-வளையம் காய்ந்திருந்தால் அந்தச் சுருக்கம் ஈரத்தை உள்ளே இழுக்கும். மறுநாள் கண்ணாடிக்குப் பின்னால் பனி. பினாங்குக் கடலோரப் பணி என்றால் உப்பும் சேர்ந்து, அலுமினியத்தில் ஏறிய எஃகுத் திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். ஓ-வளையத்துக்குச் சிலிக்கோன் கிரீஸ் மாதம் ஒருமுறை தடவினால் போதும்.

விளக்கின் விசை எங்கே இருக்கிறது என்பதை அழகுக்காக முடிவு செய்யாதீர்கள். 2010இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துப் பிளேனோ நகரில், கைத்துப்பாக்கி விளக்கின் விசையை அழுத்தப் போன போலீஸ்காரர் தவறிச் சுட்டுவிட்டார், ஒருவர் இறந்தார். அந்த விளக்கு விசை, சுடுவிசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்துக்கு நேர் கீழே, பிடியின் முன்பக்கத்தில் இருந்தது. பதற்றத்தில் ஒரு விரலை அழுத்தினால் பக்கத்து விரலும் கூடவே மடங்கும். ஆகவே சுடும் கையின் எந்த விரலுக்கும் விளக்கு வேலை கொடுக்காதீர்கள். ஆதரவுக் கையின் கட்டைவிரல் எட்டுமிடத்தில் வையுங்கள்.

துப்பாக்கி விளக்கு போகும் இடமெல்லாம் குழாய்முனையும் போகும். படிக்கட்டில் யாரோ நிற்கிறார், அடையாள அட்டை பார்க்க வேண்டும் என்றால் அதற்கு அது கருவி இல்லை. பணி மாறும்போது துப்பாக்கியைக் கையெழுத்து வாங்கி ஒப்படைக்கும் அதே பதிவேட்டில், இடுப்பில் மாட்டும் கைவிளக்குக்கும் ஒரு கட்டம் போடுங்கள்.