மலைக்கு வழி கேட்டவர்கள்

லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே, சான் கேப்ரியேல் பள்ளத்தாக்கில் குழந்தைகள் மருத்துவராக இருக்கிறேன். என்னிடம் வரும் குடும்பங்களில் பெரும்பாலோர் மெக்சிகோ, எல் சால்வடோர், குவாத்தமாலா வம்சாவளியினர், இங்கே லத்தீனோ என்று அழைக்கப்படுபவர்கள். ஆஸ்துமா, வயதுக்கு மீறிய எடை, ராத்திரி தூக்கம் வராத பிள்ளைகள் என்று நாள் ஓடும். மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "தினமும் ஒரு மணி நேரமாவது வெளியில் ஓடியாட விடுங்கள்" என்று சொல்லி அனுப்புவது எங்கள் வழக்கம். ஒரு அம்மா அதைக் கேட்டுவிட்டு, "எங்கே விடட்டும், டாக்டர்?" என்றார். கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஃப்ரீவேயை ஒட்டிய அபார்ட்மென்ட்டில் மாடி வீடு. கீழே கார் நிறுத்துமிடம் மட்டும். பார்க்குக்குப் போக வேண்டுமானால் லாரிகள் ஓயாத சாலையைத் தாண்ட வேண்டும். வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் வடக்கே சான் கேப்ரியேல் மலை முழுசாகத் தெரியும். பிள்ளை ஒரு தடவைகூட அங்கே போனதில்லை.

மருத்துவர்கள் கூடும் இடத்திலும் சரி, நம் தமிழ் நண்பர்கள் வீட்டு விருந்திலும் சரி, "இந்த லத்தீனோ மக்களுக்கு இயற்கை, சுற்றுச்சூழல் இதிலெல்லாம் அக்கறை கிடையாது" என்று யாராவது சொல்லக் கேட்கிறேன். ஆற்றங்கரையில் கிடக்கும் குப்பையைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இந்த வட்டாரத்தில் காற்றுக்காகவும் மலைக்காகவும் முன்னால் நின்று போராடியவர்களில் முக்கியமானவர்கள் அவர்கள். அந்தப் போராட்டத்தின் பலனை இங்கே வாழும் நாமும், நம் பிள்ளைகளும் அனுபவித்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்கிறேன், என் தொழில் அது. தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் 1993 முதல் இந்தப் பகுதிக் குழந்தைகளின் நுரையீரலை ஆண்டுக்கணக்கில் அளந்துவருகிறது. 2004-இல் வந்த முடிவு எங்களை உலுக்கியது. நுண்துகள் மாசு மிகக் குறைவாக இருந்த ஊரில், 18 வயதில் நுரையீரல் திறன் குறைந்துபோனவர்கள் சுமார் 1.6 சதவீதம். மாசு மிக அதிகமாக இருந்த ஊரில் 7.9 சதவீதம். கிட்டத்தட்ட 5 மடங்கு. அப்புறம் 2015-இல் அதே ஆய்வுக் குழு நல்ல செய்தியும் சொன்னது: காற்று சுத்தமாக ஆக, பின்னால் வந்த பிள்ளைகளின் நுரையீரல் வளர்ச்சியும் கூடியிருக்கிறது.

காற்று தானாகச் சுத்தமாகிவிடவில்லை. சட்டங்கள் வந்தன, வாகனப் புகைக் கட்டுப்பாடு வந்தது. தெருமுனையில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1980-களில் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பக்கத்தில் ஒரு சிறைச்சாலை வருவதாக இருந்தது. பின்னாலேயே பக்கத்து ஊரான வெர்னானில் ஆபத்தான கழிவுகளை எரிக்கும் ஆலை. எதிர்த்து நின்றவர்கள் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருந்த மெக்சிகோ வம்சாவளித் தாய்மார்கள். தேவாலயத்தில் கூடிப் பேசினார்கள், தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். 'கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் தாய்மார்கள்' என்று அமைப்புக்குப் பெயர். 1991-இல் எரியாலைத் திட்டம் கைவிடப்பட்டது, அடுத்த ஆண்டு சிறைத் திட்டமும் போனது. அவர்களில் ஒருவரான அவுரோரா காஸ்டியோவுக்கு 1995-இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தபோது அவர் 80 வயதை எட்டிப் பிடித்துவிட்டார். அதே விருதை 2022-இல் வாங்கிய நயேலி கோபோ, தன் வீட்டெதிரே இருந்த எண்ணெய்க் கிணற்றால் மூக்கில் ரத்தம் வடிந்து, 9 வயதில் பேசத் தொடங்கியவர். அந்தக் கிணற்று வளாகம் 2020-இல் நிரந்தரமாக மூடப்பட்டது. எங்கள் மருத்துவமனை வாசலில் நடக்க வேண்டிய பிரச்சாரத்தை ஒரு சிறுமி தெருவில் நடத்தியிருக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

இனி மலை. லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தின் திறந்தவெளியில் சுமார் 70 சதவீதம் இந்த சான் கேப்ரியேல் மலைதான். மாவட்டத்துக்கு வேண்டிய தண்ணீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் இங்கிருந்து வருகிறது. ஒன்றரை மணி நேரக் கார் பயணத்துக்குள் 1.5 கோடிப் பேர் வாழ்கிறார்கள். இதை மத்திய அரசின் பாதுகாப்புக்குள் கொண்டுவர வேண்டும் என்ற முயற்சியில் ஹில்டா சோலிஸின் பெயரை விட முடியாது. இந்தப் பள்ளத்தாக்கில் லா புவென்டேயில் வளர்ந்தவர். அம்மா நிகராகுவா, அப்பா மெக்சிகோ. அப்பா பேட்டரி மறுசுழற்சி ஆலையில் தொழிலாளி, தொழிற்சங்கப் பிரதிநிதி. சுற்றுச்சூழல் நீதி என்றால் என்ன என்று வரையறுத்த கலிஃபோர்னியாவின் 1999-ஆம் ஆண்டுச் சட்டம் சோலிஸ் மாநில செனட்டராக இருந்தபோது கொண்டுவந்தது. காங்கிரஸுக்குப் போனதும், சான் கேப்ரியேல் ஆற்றுப் படுகையையும் மலையையும் எப்படிப் பாதுகாப்பது என்று ஆராய ஒரு மசோதா கொண்டுவந்தார். அது 2003-இல் சட்டமானது.

அதற்குப் பிறகு 11 ஆண்டு. ஊர் ஊராகக் கூட்டம், கையெழுத்து, பாதிரியார்கள், பள்ளிப் பிள்ளைகள், ஜூடி சூ போன்ற காங்கிரஸ் உறுப்பினர்கள். 2014 அக்டோபர் 10-ஆம் தேதி சான் டிமாஸில் ஒபாமா கையெழுத்திட்டு, 3,46,177 ஏக்கரைத் தேசிய நினைவு நிலமாக, அதாவது மத்திய அரசு பாதுகாக்கும் நிலமாக, அறிவித்தார். 2024 மே மாதம் பைடன் மேலும் 1,05,919 ஏக்கரைச் சேர்த்தார். இந்தப் பட்டியலில் லத்தீனோ பெயர்கள் இத்தனை இருப்பது தற்செயல் கிடையாது. டெக்சாஸில் எல் பாசோ மக்கள் பல பத்தாண்டுகள் விடாமல் கேட்டு, 2023-இல் காஸ்ட்னர் ரேஞ்சின் 6,672 ஏக்கரைக் காப்பாற்றிக்கொண்டதும் இதே வகைக் கதை. நியூ மெக்சிகோவில் அல்புகெர்க்கியின் தெற்குப் பகுதியில் ஒரு பழைய பால் பண்ணை நிலம், குடியிருப்பவர்களின் முயற்சியால் 2012-இல் வனவிலங்குப் புகலிடமானது.

சரி, நிலத்தைப் பாதுகாத்தாயிற்று. அங்கே போவது எப்படி? என் கிளினிக்குக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது இந்தக் கேள்விதான். இதற்கு ஒரு பழைய காயம் உண்டு. பாசடீனாவின் புரூக்சைட் நீச்சல் குளத்தில் வெள்ளையர் அல்லாதவர்களுக்கு முன்பு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் அனுமதி இருந்தது. அவர்கள் குளித்த பிறகு தண்ணீரை மாற்றுவார்கள். சான் பெர்னார்டினோவில் மெக்சிகர்களைப் பொதுக் குளத்துக்குள் விட நீதிமன்றம் 1944-இல் உத்தரவு போட வேண்டியிருந்தது. அப்படி விரட்டப்பட்டவர்கள் ஆற்றங்கரைக்குப் போனார்கள். இன்று சான் கேப்ரியேல் ஆற்றின் கிழக்குக் கிளையில் கோடை ஞாயிறு ஒன்றில் போய் நின்று பாருங்கள். பாட்டி, சித்தப்பா, கைக்குழந்தை என்று முப்பது பேர் கொண்ட குடும்பம் விடிகாலையிலேயே நிழலில் இடம் பிடித்திருக்கும். கரி அடுப்பில் இறைச்சி வேகும். பிள்ளைகள் கல்லடுக்கி அணை கட்டுவார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு சபை மார்பளவு தண்ணீரில் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருக்கும். இயற்கையோடு இத்தனை நேரம் செலவழிக்கும் இன்னொரு கூட்டத்தை நான் இங்கே பார்த்ததில்லை. குப்பை உண்மைதான். ஆயிரக்கணக்கானோர் வரும் இடத்தில் தொட்டியும் கழிவறையும் போதாது என்பதும் உண்மை. அதைப் பொறுக்க வார இறுதியில் கையுறை மாட்டிக்கொண்டு வருபவர்களிலும் பெரும்பாலோர் அதே சமூகத்து இளைஞர்கள்.

வனத்துறையின் ஆய்வாளர் டெபோரா சாவேஸ் இந்த வித்தியாசத்தை வருடக்கணக்காகப் பதிவு செய்தார். லத்தீனோ குடும்பங்கள் பெரிய குழுவாக வருகின்றன, நாள் முழுக்கத் தங்குகின்றன, அங்கேயே சமைக்கின்றன. நாலு பேர் உட்காரும் மேசை அவர்களுக்கு எதற்கு? அவருடைய ஆய்வுகளின் அடிப்படையில்தான் லைட்டில் க்ரீக் பக்கத்திலுள்ள ஆப்பிள்வைட் சுற்றுலா இடம் பெரிய குடும்பங்களுக்கு ஏற்ப மாற்றி அமைக்கப்பட்டது. ஒரு மேசையின் நீளத்தை மாற்றினாலே யார் வரலாம் என்பது மாறிவிடும். இதைவிடத் தெளிவான பொது சுகாதாரப் பாடம் எனக்குத் தெரியாது.

ரயில் 2016-இலேயே மலையடிவார ஊரான அசூசா வரை வந்துவிட்டது. அங்கே இறங்கினால் மலை எதிரில் நிற்கும், உள்ளே போக வழக்கமான நகரப் பேருந்து கிடையாது. கார் இல்லாத குடும்பத்துக்கு நாலரை லட்சம் ஏக்கர் இருந்து என்ன பயன்? 2020-இல் ஹிஸ்பானிக் ஆக்சஸ் அறக்கட்டளையும் ஒரு ஆய்வு மையமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கைப்படி, நாடு முழுக்க வெள்ளையர் அல்லாத சமூகங்களில் 74 சதவீதம் இயற்கை அற்றுப்போன இடங்களில் வாழ்கின்றன. வெள்ளையர் சமூகங்களில் அது 23 சதவீதம். அந்த அறக்கட்டளைதான் 2014 முதல் லத்தீனோ பாதுகாப்பு வாரத்தை நடத்துகிறது. ஹோசே கோன்சாலெஸ் 2013-இல் தொடங்கிய லத்தீனோ அவுட்டோர்ஸ் அமைப்பின் தன்னார்வலர்கள் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு நடைக்குப் போகிறார்கள். ஸ்பானிஷில் பேசுகிறார்கள், பாட்டிக்காகவும் நிற்கிறார்கள், உச்சியைத் தொட்டே தீர வேண்டும் என்ற அவசரம் கிடையாது. என் நோயாளிகளை அனுப்ப இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

இத்தனையும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. 2025 ஜூலை 7-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் மக்ஆர்தர் பார்க்கில் குடியேற்றச் சோதனைக்காகக் குதிரை மேலும் கவச வண்டியிலுமாகக் கூட்டாட்சிக் காவலர்கள் இறங்கினார்கள். கோடை முகாமில் இருந்த குழந்தைகளைக் கட்டடத்துக்குள் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு என் அறையில் "பார்க்குக்குப் போங்கள்" என்று சொல்லும்போது பெற்றோர் முகம் பார்த்து நிறுத்திக்கொள்கிறேன். குடியுரிமை உள்ள குடும்பங்களே போகப் பயப்படுகின்றன. பயம் பிள்ளையின் எடையில் தெரிகிறது, தூக்கத்தில் தெரிகிறது. அதே ஆண்டு ஜூனில் வெளியான நீதித்துறையின் கருத்துரை ஒன்று, முந்தைய அதிபர் அறிவித்த நினைவு நிலத்தைப் புதிய அதிபர் ரத்து செய்யலாம் என்கிறது. அதில் குறிப்பிடப்பட்ட சக்வாலா நினைவு நிலம், இங்கிருந்து கிழக்கே கோச்செல்லா பள்ளத்தாக்கை ஒட்டியது. பழங்குடியினரும் அங்குள்ள லத்தீனோ குடும்பங்களும் சேர்ந்து கேட்டு 2025 ஜனவரியில் பெற்றது.

இந்தப் பகுதியில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு மூன்று விஷயம் சொல்கிறேன். பிள்ளை நான்காம் வகுப்பு என்றால் தேசியப் பூங்காக்களுக்கும் காடுகளுக்கும் ஓராண்டு இலவச அனுமதி உண்டு, குடும்பமும் கூடப் போகலாம். வீசிங் உள்ள பிள்ளையைக் கோடையில் மலையடிவாரத்துக்குக் காலையிலேயே கூட்டிப்போங்கள். பிற்பகலில் ஓசோன் ஏறிவிடும். நகரத்துப் புகையைக் கடற்காற்று தள்ளிக்கொண்டுவந்து இந்த மலையில்தான் முட்ட வைக்கிறது.

மூன்றாவது, வீடு வாங்கியவர்களுக்கு. 2016-இல் மாவட்ட மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த பூங்கா வரி உங்கள் சொத்து வரி ரசீதில் இருக்கிறது, கட்டடத்தின் ஒரு சதுர அடிக்கு ஒன்றரை சென்ட் என்று தொடங்கியது. ஆண்டுக்குச் சுமார் 9 கோடி டாலர். அதை எங்கே செலவழிப்பது என்று ஊர்க் கூட்டங்கள் நடக்கின்றன. அங்கே எல் மான்டே அம்மாக்கள் வேலை முடிந்த களைப்போடு வந்து, மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொண்டு, பேருந்தும் நிழலும் கழிவறையும் கேட்கிறார்கள். நான் போய் ஆஸ்துமா பற்றிப் பேசுகிறேன். நம்மவர்கள் யாரையும் அங்கே இதுவரை பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் தடையில்லாமல் பேசத் தெரிந்த நாம், பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்து, "அவர்கள் கேட்பது எங்களுக்கும் வேண்டும், மலைக்குப் பேருந்து விடுங்கள்" என்று பதிவு செய்ய இரண்டு நிமிடம் போதும்.