இரும்புப் பாலம் ஏன் நெளிகிறது?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என்னுடைய 100 சிசி மோட்டார் சைக்கிளின் ஹேண்டிலில் 3 மில்லிமீற்றர் பட்டை இரும்பை நிறுத்தி, அதன் உச்சியில் கமராவைப் பூட்டினேன். மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தால் போகும்போது எடுத்த வீடியோவில், பக்கத்தில் இருக்கும் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் பாம்பு மாதிரி நெளிகின்றன. 50 கிலோமீற்றர் வேகத்தில்தான் மிக மோசம். அடியில் றப்பர் துண்டு வைத்துப் பார்த்தேன், நெளிவு கூடிவிட்டது. றப்பர் அதிர்வைக் குறைக்க வேண்டாமா?"

றப்பர் அதிர்வைக் குறைக்கும், கூட்டவும் செய்யும். எது நடக்கும் என்பதை முன்கூட்டியே கணக்குப் பார்த்துச் சொல்லலாம்.

முதலில் நெளிவு. 1924இல் திறந்த அந்தப் பாலம் அசையாமல்தான் நிற்கிறது. கமராவின் உணரி ஒரு படத்தை ஒரே கணத்தில் எடுப்பதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாக வாசித்துக்கொண்டு வருகிறது. முழுப் படத்தையும் வாசிக்க ஏறத்தாழ 20 மில்லிசெக்கன் எடுக்கிறது என்று வையுங்கள். அந்த நேரத்துக்குள் கமரா இடமும் வலமும் ஆடினால், தூணின் தலை ஓரிடத்திலும் நடு வேறிடத்திலும் அடி இன்னோரிடத்திலும் பதியும். நேரான தூண் அலையாகிவிடும்.

அந்த அலையை எண்ணலாம். படத்தின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்புவரை நீண்ட ஒரு தூணில் ஒன்றரை அலை தெரிந்தால், 20 மில்லிசெக்கனில் ஒன்றரை அதிர்வு. செக்கனுக்கு 75 அதிர்வு. அதை 60ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 4,500 சுற்று. எஞ்சின் ஓடிய வேகத்தைத் தூணே எழுதிக் காட்டியிருக்கிறது! நெளியாமல் ஒரே பக்கம் சரிந்து மட்டும் நிற்கும் தூணை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது வண்டி முன்னால் போவதால் வரும் சரிவு. உச்சி வெயிலில் நெளிவு இன்னும் கூர்மையாகத் தெரியும். வெளிச்சம் கூடும்போது ஒவ்வொரு வரியும் மிகக் குறுகிய நேரமே ஒளியை வாங்குவதால் அலையின் ஓரம் மழுங்காமல் பதிகிறது. மாலையில் அதே ஆட்டம் வெறும் மங்கலாகத் தெரியும்.

ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் ஏறி இறங்கும் உதறலை எதிர் எடையால் முழுவதும் சமன் செய்ய முடியாது. சுற்றுக்கு ஒரு தடவை அது ஹேண்டில்வரை வரும். 1,400 சுற்றில் நின்றபடி ஓடும்போது அதன் மீடிறன் (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது) 23 ஹேர்ட்ஸ். 100 சிசி வண்டி கடைசி கியரில் 50ஐத் தொடும்போது 4,000 முதல் 4,500 சுற்று, அதாவது 67 முதல் 75 ஹேர்ட்ஸ்.

இனி அந்தப் பட்டை இரும்பு. 25 மில்லிமீற்றர் அகலம், 3 மில்லிமீற்றர் தடிப்பு, ஹேண்டிலுக்கு மேல் 100 மில்லிமீற்றர் உயரம், உச்சியில் 150 கிராம் கமரா. இதன் இயற்கை மீடிறனை, அதாவது சுண்டிவிட்டால் தானாக ஆடும் மீடிறனை, கணக்கிட்டால் 72 ஹேர்ட்ஸ் வருகிறது. எஞ்சின் தருவதும் அதே மீடிறன். உயர்தரத்தில் சுரமானிக் கம்பியின் மேல் கடதாசி ஓடியை வைத்து, இசைக்கவையை அழுத்தி, ஓடி துள்ளி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே பரிவுதான் இங்கேயும்: இரண்டு மீடிறனும் ஒத்துப்போனால் ஆட்டம் பெருகும். 50இல் மட்டும் மோசமாவதற்குக் காரணம் அதுவே.

பட்டையின் உயரத்தை 40 மில்லிமீற்றராகக் குறைத்தால் மீடிறன் 300ஐ நெருங்கிவிடும். நீளம் பாதியானால் விறைப்பு எட்டு மடங்கு என்பதால் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் பலன் உண்டு. பட்டைக்குப் பதில் 25க்கு 25 கோண இரும்பை வைத்தால் இரண்டு பக்கமும் விறைக்கும். பல வண்டிகளுக்கு இந்த இரண்டு மாற்றமே போதும். வெட்டி எறியும் வேலை, செலவும் இல்லை. இவ்வளவு செய்தும் ஹேண்டிலின் உதறலே மிஞ்சி நின்றால்தான் மென்மையான தாங்கி தேவை.

றப்பர் இங்கேதான் வருகிறது. இது கையால் உணர்ந்து பார்க்க வேண்டிய விடயம். பழைய சைக்கிள் டியூபில் ஒரு விரல் அகலத்துக்கு நீளமான நாடா வெட்டி, அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் கட்டித் தொங்கவிடுங்கள். போத்தலின் பாரத்தில் நாடா 10 சென்ரிமீற்றர் இழுபடும் அளவுக்கு நாடாவின் அகலத்தையும் நீளத்தையும் கூட்டிக் குறையுங்கள். இப்போது மேல் நுனியைப் பிடித்த கையை மிக மெதுவாக ஏற்றி இறக்குங்கள். போத்தல் கையோடு சேர்ந்தே போய் வரும். கொஞ்சம் வேகமாக, செக்கனுக்கு ஒன்றரைத் தடவை ஆட்டுங்கள். கை இரண்டு விரலளவு அசைய, போத்தல் ஒரு சாண் துள்ளும். இன்னும் வேகமாக, செக்கனுக்கு ஐந்து தடவை சின்னதாக உதறுங்கள். கை படபடக்கும், போத்தல் அந்தரத்தில் அப்படியே நிற்கும்.

ஒரே நாடா, ஒரே போத்தல். மூன்று விதமான நடத்தை. எல்லை எங்கே என்பதும் தெரியும்: ஆட்டும் மீடிறன் இயற்கை மீடிறனைப் போல 1.41 மடங்கைத் தாண்டினால்தான் குறைப்புத் தொடங்கும். அதற்குக் கீழே எந்த மென்மையான பொருளும் பெருக்கியாகத்தான் வேலை செய்யும். மூன்று மடங்கில் எட்டில் ஒன்று, நாலு மடங்கில் பதினைந்தில் ஒன்று மட்டும் மேலே போகும். இயற்கை மீடிறனைக் காண மீற்றர் கருவி வேண்டாம், அடிமட்டம் போதும். பாரம் ஏற்றியதும் எத்தனை மில்லிமீற்றர் தாழ்கிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 15.8ஐ வகுங்கள். போத்தல் 100 மில்லிமீற்றர் தாழ்ந்தது, ஆகவே 1.58. கை உணர்ந்ததும் அதுதான். நாடா சுத்தமான வில்லாக நடக்காததால் சிறிது முன்பின்னாகும், அவ்வளவே.

கேள்வி கேட்டவரின் றப்பர் துண்டு 150 கிராம் கமராவுக்கு அடியில் எவ்வளவு தாழ்ந்திருக்கும்? கண்ணுக்கே தெரியாது. 0.05 மில்லிமீற்றர் என்று வைத்தால் 70 ஹேர்ட்ஸ் வருகிறது. ஏற்கெனவே பரிவில் ஆடிய பட்டையின் மேல் இரண்டாவது பரிவையும் ஏற்றியிருக்கிறார். றப்பர் கெட்டதல்ல, அந்த எடைக்கு அது கல்.

ஆகவே ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தாழ வேண்டும். அதற்கு இரண்டு வழி: தாங்கியை மென்மையாக்குவது, மேலே எடையைக் கூட்டுவது. வண்டியில் பூட்டும் எதுவும் இலேசாக இருக்க வேண்டும் என்றே எல்லோரும் நினைக்கிறோம். இங்கே அது தலைகீழ். போத்தலை அசையாமல் நிறுத்தியது அதன் எடைதான், வெறும் போத்தல் நிற்காது. அதனால் மென்மையான பகுதிக்கு மேல் கனம், கீழ் விறைப்பு. சரி, அளவுக்கு மேல் மென்மையாக்கினால் என்ன? படுவான்கரைக் கிரவல் வீதியில் சில்லு துள்ளுவது 10 முதல் 15 ஹேர்ட்ஸ். தாங்கியின் மீடிறன் அதற்குள் இறங்கினால் எஞ்சினிடம் தப்பிப் பள்ளத்திடம் மாட்டுவீர்கள். 16 முதல் 18 ஹேர்ட்ஸ் நல்ல நடுவழி.

அந்த மென்மைக்குச் சைக்கிள் பிரேக்கின் உள் வயரைவிடச் சிறந்த பொருள் கடையில் கிடைக்காது என்பது என் அபிப்பிராயம். முறுக்கிய இழைகள் வளையும்போது ஒன்றோடொன்று உரசி, ஆட்டத்தைச் சூடாக்கித் தின்றுவிடும். பள்ளத்தில் விழுந்த பிறகு கமரா தொங்கித் தொங்கி ஆடாது. அந்த உரசல் உயர் மீடிறனில் குறைப்பையும் சிறிது கெடுக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அடித்தட்டு 80க்கு 80, 5 மில்லிமீற்றர் அலுமினியம். 22 மில்லிமீற்றர் ஹேண்டிலுக்குப் பொருந்தும் இரண்டு யூ போல்ட்டுகளை 40 மில்லிமீற்றர் இடைவெளியில் போட்டு, ஹேண்டிலின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் இறுக்குங்கள். ஓரத்துக்குப் போகப் போக உதறல் கூடும். வழுக்காமலிருக்க டியூப் துண்டு ஒரு சுற்று மட்டும் சுற்றுங்கள், தடித்துச் சுற்றினால் அதுவே இன்னொரு வில்லாகிவிடும். மேல்தட்டு அதே அளவில் 4 மில்லிமீற்றர் இரும்பு. அதன் எடை 200 கிராம், கமராவோடு 350.

வயரில் 120 மில்லிமீற்றர் துண்டுகள் நான்கு. வெட்டுமுன் வெட்டும் இடத்தில் சுப்பர் குளூ ஊறவிடுங்கள், இல்லாவிட்டால் நுனி பிரிந்து கையைக் குத்தும். ஒவ்வொன்றையும் 30 மில்லிமீற்றர் வளையமாக்கி, நான்கு மூலையிலும் மூலைவிட்டத்தின் வழியே நிறுத்தி, அடியையும் தலையையும் 12 மில்லிமீற்றர் அலுமினியப் பட்டிகளால் தட்டோடு சேர்த்து 4 மில்லிமீற்றர் திருகாணிகளால் நசுக்குங்கள். மூலைவிட்டத்தில் நிறுத்துவது எதற்கென்றால், வளையம் தன் தளத்தில் ஒரு விறைப்பும் குறுக்கே வேறு விறைப்பும் உடையது. எல்லாவற்றையும் ஒரே திசையில் வைத்தால் கமரா ஒரு பக்கம் மட்டும் சாய்ந்தாடும். கமராவின் உயரம் வளையங்களின் இடைவெளியைவிடக் குறைவாக இருக்கட்டும்.

கமராவைப் பிடிக்கும் புரி கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. 6 மில்லிமீற்றர் போல்ட் அதற்குள் போய்விடும், ஆனால் புரி பொருந்தாது. இரண்டு நாளில் உள்புரியை உரித்துவிடும்.

பூட்டியதும் தட்டிப் பாருங்கள். போனை செக்கனுக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்டத்தில் வைத்து, மேல்தட்டை விரலால் சுண்டுங்கள். ஒரு முழு ஆட்டத்துக்கு 13 முதல் 15 படம் என்றால் சரி. 10க்குக் குறைந்தால் வளையம் விறைப்பு, விட்டத்தை 35 ஆக்குங்கள். விட்டம் இரட்டித்தால் விறைப்பு எட்டில் ஒன்றாகும் என்பதால் 5 மில்லிமீற்றரே பெரிய மாற்றம். 16ஐத் தாண்டினால் வளையத்தைச் சுருக்குங்கள். நின்றபடி எஞ்சின் ஓடும்போது படம் கொஞ்சம் ஆடும், 23 ஹேர்ட்ஸ் அந்த 1.41 எல்லையில் நிற்பதால் அதைத் தவிர்க்க முடியாது.

இந்தச் சுண்டலும் எண்ணலும் உயர்தர மாணவர் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய பரிசோதனை. பாடசாலைக்கு ஒரு சுரமானி, அதைச் சுற்றி நாற்பது பேர் என்ற நிலையில் பரிவைப் படிப்பிக்கிறோம். போனிலுள்ள ஆர்முடுகல் உணரியை (வேகம் மாறுவதை அளப்பது) வைத்து நமது கிராம வீதிகளின் பள்ளங்களை வரைபடமாக்கலாம். ஒலுவிலிலும் வந்தாறுமூலையிலும் உள்ள பல்கலைக்கழக மாணவர்களுக்கு அதற்கான சிறு தொகையாவது ஒதுக்கப்பட வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

போனையே கமராவாகப் பூட்டுவோருக்கு ஒன்று. நல்ல போன்களில் வில்லை, நடுக்கத்தைச் சமன் செய்ய மெல்லிய விற்களிலும் காந்தங்களிலும் மிதக்கிறது. எஞ்சினின் தொடர் அதிர்வு அதைப் பழுதாக்கக்கூடும் என்று அப்பிள் நிறுவனம் 2021 செப்டெம்பரில் எச்சரித்தது. விறைப்பான தாங்கியில் போனைப் பூட்டாதீர்கள்.

போல்ட் கழல்வது தனிக் கதை. 1969இல் ஜேர்மன் பொறியியலாளர் கெர்ஹார்ட் யுங்கர், குறுக்கே வரும் உதறலே போல்ட்டை அதிகம் கழற்றுகிறது என்று காட்டினார். ஸ்பிரிங் வாஷர் அதைத் தடுக்காது. நைலோன் வளையமுள்ள நட் போடுங்கள், ஒருமுறை கழற்றியதை மறுபடி போடாதீர்கள். கமராவை வயர்த் துண்டால் ஹேண்டிலோடு தளர்வாகக் கட்டி வையுங்கள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, பிரேக் வயரும் கிளச் வயரும் எங்கும் சிக்கவில்லை என்று பாருங்கள்.

கல்முனையிலிருந்து பொத்துவில்வரை கடற்காற்றில் ஓடும் வண்டியில், அலுமினியமும் துருவேறா உருக்கும் தொடும் இடத்தில் அலுமினியம்தான் அரிபடும். பூட்டுமுன் இடையில் கிறீஸ் தடவுங்கள். மாரி தொடங்குமுன் ஒரு தடவை கழற்றி, வளையங்களின் அடியில் இழை அறுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஓர் இழை நீட்டிக்கொண்டிருந்தாலும் நான்கு வளையங்களையும் சேர்த்தே மாற்றுங்கள்.