வழியிலேயே முதுமையாகிவிடும் ஒயின்

வெளிநாட்டு ஒயினைத் திறந்ததும் அடிபட்ட ஆப்பிள் வாடை வந்தால், "அந்த வருஷம் விளைச்சல் சரியில்லை போல" என்கிறார்கள். ஏற்காட்டில் ஒரு விடுதியின் பானப் பிரிவைப் பார்த்துக்கொள்பவன் நான். லேபிளில் உள்ள வருடத்தைவிட, அந்தப் பாட்டில் எந்த வெயிலைத் தாண்டி வந்தது என்பதைத்தான் முதலில் விசாரிப்பேன்.

ஒயினை வைக்க உகந்த வெப்பம் 12 முதல் 15 டிகிரி. ஐரோப்பாவிலிருந்து சூயஸ் வழியே வந்தாலும் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தாலும் கப்பல் வெப்பக் கடல்களைக் கடந்தாக வேண்டும். குளிர்சாதனம் இல்லாத கன்டெய்னர் மேல்தளத்தில் இருந்தால் உள்ளே 50 டிகிரிகூட ஆகலாம். துறைமுகத்தில் சுங்க அனுமதிக்காகக் காற்றோட்டமில்லாமல் காத்துக் கிடக்கும் நாட்கள் பல சமயம் கடல் பயணத்தைவிடக் கொடியவை.

வெப்பம் 10 டிகிரி ஏறினால் வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. ஒயினைக் காக்கும் கந்தக டை ஆக்சைடும் அதே வேகத்தில் தீர்ந்துபோகும். இன்னொன்று, பலர் கவனிக்காதது: 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாகும் 750 மில்லி ஒயின் சுமார் 5 மில்லி விரிகிறது. கழுத்தில் உள்ள காற்றிடமே சில மில்லிதான். அழுத்தம் தாங்காமல் கார்க் மேலே தள்ளப்படும், ஓரமாக ஒயின் கசியும். மறுபடி குளிரும்போது ஒயின் சுருங்கி, அதே இடுக்கு வழியாக வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். காற்று பட்ட ஒயினின் வாடைதான் அந்த அடிபட்ட ஆப்பிள் வாடை.

அதனால்தான் "ஏற்காடு குளுகுளுன்னு இருக்கே, இங்க வெச்சா போதாதா?" என்று கேட்பவர்களிடம் போதாது என்கிறேன். சித்திரையில் சேலம் 40 டிகிரியைத் தொடும். தகரக் கூரை குடோனிலும் கார் டிக்கியிலும் வெந்த பாட்டிலை 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிட்டால் நடந்த கேடு திரும்பாது.

எல்லாப் பழியையும் பயணத்தின் மேல் போடவும் முடியாது. 1990களின் நடுவில் பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் தயாரான வெள்ளை ஒயின்களில் பல, நல்ல நிலவறைகளிலேயே காலத்துக்கு முன் பழுப்பேறின. ஆனால் நம்மூர் வரை வந்து சேரும் பாட்டிலில் என் முதல் சந்தேகம் வெப்பத்தின் மேல்தான்.

வாங்கும்போது கழுத்தைப் பாருங்கள். கார்க் வாயைவிட மேலே துருத்தியிருந்தாலோ, அதை மூடிய மேலுறை பிசுபிசுத்தாலோ, ஒயினின் மட்டம் இறங்கியிருந்தாலோ வாங்காதீர்கள். இளம் வெள்ளை ஒயின் அடர் பொன்னிறமாக இருப்பதும் நல்லதல்ல. திருகு மூடி பாட்டில் இந்த அடையாளங்களைப் பெரும்பாலும் காட்டாது. நிறமும் வாசனையும்தான் சாட்சி. விலை உயர்ந்ததென்றால், குளிர்சாதனக் கன்டெய்னரில் வந்ததா என்று இறக்குமதியாளரிடம் கேட்டுவிடுங்கள். அவர் பெயரும் முகவரியும் லேபிளில் இருக்கும். திறந்த பிறகு சந்தேகம் வந்தால், மீதியைக் கொட்டாமல் கார்க்கையும் சேர்த்துக் கடைக்கு எடுத்துப் போங்கள். கார்க்கின் பக்கவாட்டில் அடியிலிருந்து மேல்வரை ஓடும் ஒயின் கறை உங்கள் வாதத்துக்கு வலு சேர்க்கும்.