நோயாளிக்கு முன்னே செல்லும் இ.சி.ஜி.

மாரடைப்பு என்று ஐயம் எழுந்ததும், ஆம்புலன்ஸ் ஊழியர்கள் நோயாளியின் மார்பிலும் கை கால்களிலும் 10 மின்முனைகளைப் பொருத்தி, இதயத்தின் மின் இயக்கத்தை 12 கோணங்களிலிருந்து பதிவு செய்கிறார்கள். இந்தப் பதிவே இ.சி.ஜி. அதற்குப் பத்து விநாடி போதும். அந்த வரைபடத்தில் எஸ்.டி. எனப்படும் பகுதி அடுத்தடுத்த இரு கோணங்களில் உயர்ந்திருந்தால், இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய் ஒன்று முற்றிலும் அடைபட்டிருக்க வாய்ப்பு மிகுதி. அடைப்பு நீங்கும்வரை தசை அழிந்துகொண்டே இருக்கும்.

இந்த வரைபடம் கம்பியில்லா வலையமைப்பின் வழியே இதயநோய் மருத்துவருக்கு உடனே கிடைத்தால், பலூன் சிகிச்சை (அடைபட்ட குழாயைச் சிறு பலூனால் விரித்துத் திறப்பது) வசதி இல்லாத அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போவதா, அந்த வசதி உள்ள சற்றுத் தொலைவான மருத்துவமனைக்கு நேரே போவதா என்பதை வண்டியில் இருக்கும்போதே முடிவு செய்யலாம். மருத்துவமனைக்கு வந்ததிலிருந்து 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறந்துவிட வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டு நெறிகள் நெடுங்காலமாக வலியுறுத்துகின்றன. நள்ளிரவில் சிகிச்சைக் குழுவை வீடுகளிலிருந்து அழைத்துத் திரட்டவே அதில் பெரும்பகுதி கழிந்துவிடலாம். அந்தத் திரட்டல் வண்டி வந்துகொண்டிருக்கும்போதே நடந்து முடிவதுதான் இதன் பெரும் பயன்.

இந்த எண்ணம் புதியதன்று. 1967-இலேயே மியாமியில் மருத்துவர் யூஜின் நேகல் தீயணைப்பு மீட்புக் குழுவினருடன் இணைந்து இ.சி.ஜி.யை ரேடியோ வழியே மருத்துவமனைக்கு அனுப்பிக் காட்டினார்.

அனுப்ப வேண்டிய தரவு வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. எட்டுக் கோணங்களை அளந்தால் மற்ற நான்கையும் கணக்கிட்டுக்கொள்ளலாம். விநாடிக்கு 500 அளவீடுகள், ஒவ்வொன்றுக்கும் 2 பைட் என்று வைத்துக்கொண்டால், பத்து விநாடிப் பதிவு 80,000 பைட்தான். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைவிட மிகக் குறைவு. ஆகவே அதிவேக இணைப்பைவிட, அறுபடாத இணைப்பே இங்கு முக்கியம் என்பேன். ஓடும் வண்டி ஒரு கோபுரத்தின் எல்லையிலிருந்து இன்னொன்றின் எல்லைக்கு மாறும்போது சில துண்டுகள் தொலையக்கூடும். பெறும் முனை எவை வரவில்லை என்று தெரிவிக்க, கருவி அவற்றை மட்டும் மீண்டும் அனுப்புகிறது. சிக்னலே இல்லாத இடத்தில் பதிவைச் சேமித்துவைத்து, இணைப்பு கிடைத்ததும் அனுப்புகிறது.

தரவு குறையின்றிச் சேர்ந்தாலும், பதிவே பிழையானால் பயனில்லை. வண்டியின் குலுக்கலாலும் நோயாளியின் மூச்சாலும் கோடு மேலும் கீழும் அலையும். அதை அடக்க, தொடர் கண்காணிப்பு நிலையில் கருவி ஏறத்தாழ 0.5 ஹெர்ட்ஸுக்கு (விநாடிக்கு அரை அலைவு) கீழான மெதுவான அலைவுகளை வடிகட்டிவிடும். எஸ்.டி. பகுதியின் உண்மையான உயரமோ அந்த மெதுவான அலைவுகளையும் சார்ந்தது. எனவே, அந்த வடிகட்டி இல்லாத உயர்வைக் காட்டவும், இருக்கும் உயர்வை மறைக்கவும் கூடும். அதனால்தான் நோயறிவதற்கான பதிவில் 0.05 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் மெதுவான அலைவுகளும் வடிகட்டப்படாமல் விட்டுவைக்கப்படுகின்றன.

மறுமுனையில், வரைபடத்தை உடனே பார்க்க ஒரு மருத்துவர் எந்நேரமும் பொறுப்பில் இருந்தாக வேண்டும். அவர் அடைப்பை உறுதிசெய்து பதில் அனுப்பினால், நோயாளி அவசரப் பிரிவில் காத்திருக்காமல் நேரே பலூன் சிகிச்சை அறைக்குக் கொண்டுசெல்லப்படுகிறார்.