டிவி காட்டும் கேம் மிரட்டலை நாம் ஏன் நம்புவதில்லை?

2015 பிப்ரவரி 11 அன்று அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் ‘லா அண்ட் ஆர்டர்: எஸ்.வி.யு.’ என்ற போலீஸ் தொடரின் ஒரு பகுதி ஒளிபரப்பானது. ஒரு பெண் புதிய வீடியோ கேம் ஒன்றை வெளியிடப் போகிறார். அவருக்கு இணையத்தில் மிரட்டல் மேல் மிரட்டல் வருகிறது. அவர் அசையவில்லை. மிரட்டியவர்களே கடைசியில் அவரைக் கடத்திக்கொண்டு போகிறார்கள், கொடுமைப்படுத்துவதை இணையத்தில் காட்டுகிறார்கள். போலீஸ் துப்பாக்கியோடு நுழைந்து மீட்கிறது. உயிர் பிழைத்தவர், இந்தத் துறையே வேண்டாம் என்று விலகிவிடுகிறார்.

கேம் விளையாடுகிறவர்களில் ஏராளமானோர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். கேம் உலகத்து ஆட்கள் பேசுவதாகவும், கேம்களைப் பற்றி போலீஸ்காரர்கள் பேசுவதாகவும் எழுதப்பட்ட வசனங்கள் அந்த உலகத்தில் யாரும் பேசாத மாதிரி இருந்தன. கேம் பிடிக்கவில்லை என்பதற்காகக் கும்பல் சேர்ந்து ஆள் கடத்துவார்களா என்று கேட்டார்கள். இணையத் தொல்லையை எதிர்த்துப் போராடியவர்களும், அப்படி ஒரு தொல்லையே இல்லை என்று சாதித்தவர்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுசேர்ந்து அந்தப் பகுதியைத் திட்டினார்கள்.

ஆனால் கதைக்குப் பின்னால் நிஜம் இருந்தது. அதற்கு ஆறு மாதம் முன்பு, 2014 ஆகஸ்டில், ‘கேமர்கேட்’ என்ற பெயரில் ஒரு தாக்குதல் அலை கிளம்பியிருந்தது. கேம் உருவாக்கும் பெண்கள், கேம்களை விமர்சிக்கும் பெண்கள் பலருக்குக் கொலை மிரட்டல்களும் வன்புணர்வு மிரட்டல்களும் வந்தன. வீட்டு முகவரியோடு மிரட்டல் வந்ததால் வீட்டைவிட்டு வெளியேறியவர்கள் உண்டு. கேம்களில் பெண்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று ஆராய்ந்து வீடியோக்கள் வெளியிட்ட அனிதா சர்க்கீசியன், அந்த அக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேசுவதாக இருந்தது. அவர் பேசினால் துப்பாக்கிச் சூடு நடக்கும் என்று பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் வந்தது. துப்பாக்கியோடு வருபவர்களை அரங்குக்குள் விடாமல் தடுக்க முடியுமா என்று அவர் கேட்டார். உரிமம் உள்ளவர்களைத் தடுக்க மாநிலச் சட்டம் இடம் கொடுக்காது என்றார்கள். அவர் உரையை ரத்து செய்தார்.

அப்படியானால் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது? சிரித்தவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. நானும் இரவு நேரங்களில் குழு ஆட்டங்கள் ஆடுகிறவன்தான். அந்தச் சந்தேகம் மனதுக்குள் எப்படி உருவாகிறது என்பதற்கு ஆராய்ச்சியில் நல்ல விளக்கங்கள் இருக்கின்றன.

கதை கேட்கும்போது நம் கவனம் முழுக்க அதற்குள் போய்விடுகிறது. சுற்றியிருப்பதை மறக்கிறோம், எதிர்வாதம் செய்யும் பழக்கம் கொஞ்ச நேரம் தூங்குகிறது. உளவியலாளர்கள் மெலனி கிரீன், திமத்தி பிராக் இருவரும் 2000-ல் இதை அளக்க ஒரு எளிய வழியைக் கையாண்டார்கள். கதையைப் படிக்கக் கொடுத்தார்கள், அப்புறம் அதில் எந்த இடமெல்லாம் பொய்யாகத் தோன்றுகிறதோ அங்கே வட்டம் போடச் சொன்னார்கள். கதையில் ஆழ்ந்தவர்கள் குறைவாக வட்டம் போட்டார்கள். கதை சொன்ன கருத்தோடு அவர்களே அதிகம் ஒத்தும் போனார்கள்.

இப்போது கேம் ஆடிப் பழகிய ஒரு கேமரை அந்தத் தொடரின் முன்னால் உட்கார வையுங்கள். முதல் நிமிடத்திலேயே ஒரு சொல் தப்பாக விழுகிறது. அடுத்து திரையில் ஓடும் கேம் எந்தக் கேமைப் போலவும் இல்லை. பேசுகிறவர்களின் தொனியும் ஒட்டவில்லை. அவர் மனது வட்டம் போட ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு வட்டமும் அவரைக் கதையிலிருந்து இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளுகிறது. கடத்தல் காட்சி வரும்போது அவர் கதைக்குள்ளேயே இல்லை, பிழை திருத்துபவராக வெளியே நிற்கிறார். மருத்துவர்கள் மருத்துவமனைத் தொடர்களையும் வழக்கறிஞர்கள் நீதிமன்றக் காட்சிகளையும் பார்த்து நெளிவது இதே காரணத்தால்தான்.

தெரிந்த களம் என்றால் எச்சரிக்கை கூடும் என்று சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. 1997-ல் டெபோரா பிரென்டிஸ் குழுவினர் யேல், பிரின்ஸ்டன் மாணவர்களிடம் ஒரு கதையைக் கொடுத்தார்கள். ஆதாரமில்லாத கூற்றுகள் சிலவற்றை அதற்குள் நுழைத்திருந்தார்கள். கதை வேறு பல்கலைக்கழகத்தில் நடந்தபோது மாணவர்கள் அந்தக் கூற்றுகளை நம்பினார்கள், தங்கள் பல்கலைக்கழகத்திலேயே நடந்தபோது நம்பவில்லை. இதோடு நிறுத்திக்கொண்டால் கட்டுரைக்கு வசதியாக இருக்கும். ஆனால் இரண்டு வருடம் கழித்து வேறு ஆய்வாளர்கள் இதே சோதனையைத் திரும்பச் செய்தபோது, கதையால் நம்பிக்கைகள் மாறுவது மறுபடியும் தெரிந்தது, சொந்த இடம், வேற்றிடம் என்ற வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே களம் தெரிந்திருந்தால் போதும், ஏமாற மாட்டோம் என்று யாரும் நிம்மதி கொள்ள வேண்டாம். கதை தப்பான சுருதியில் பாடுகிறதா என்பதுதான் அதிகம் தீர்மானிக்கிறது.

தவறான சொற்களைத் திருத்துவது சுலபம். நாலு கேமர்களை எழுத்து மேசையில் உட்கார வைத்தால் முடிந்துவிடும். அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. போலீஸ் கதைக்கு ஒரு வில்லன் தேவை. கேம் உலகின் தொல்லையில் பெரும்பகுதிக்கு அப்படி ஒரு ஆள் கிடையாது.

‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ என்ற இணையக் குழு ஆட்டத்தை நடத்தும் ரயட் கேம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப்ரி லின் என்ற நரம்பியல் ஆய்வாளர் வீரர்களின் நடத்தையை ஆராயும் குழுவை நடத்தினார். எப்போதும் மோசமாக நடக்கும் சில ஆட்களைக் கண்டுபிடித்து வெளியேற்றினால் போதும் என்றுதான் எவரும் முதலில் நினைப்பார்கள். தரவு வேறு சொன்னது. அந்த ஆட்டத்தில் நடக்கும் கெட்ட நடத்தையில் சுமார் 13% மட்டுமே நிரந்தரக் கெட்டவர்களிடமிருந்து வந்தது. மீதி 87%, மற்ற நாட்களில் ஒழுங்காக ஆடும் சாதாரண ஆட்களிடமிருந்து. ஒருவருக்கு அன்று நாள் சரியில்லை, தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றார், எதிரில் முகம் தெரியாத ஒருவர், கையில் சாட் பெட்டி. அவ்வளவுதான். எதிரணியோடு பேசும் சாட் வசதியை முன்கூட்டியே அணைத்து வைத்து, வேண்டியவர்கள் தாங்களே இயக்கிக்கொள்ளட்டும் என்று விட்டபோது, மோசமான பேச்சு 30%க்கு மேல் குறைந்தது. பேச விரும்பியவர்கள் இயக்கிக்கொண்டு பேசினார்கள். ஆட்கள் அதே ஆட்கள், ஒரு பொத்தான்தான் நடுவில் வந்தது.

இதைக் காட்சியாக எடுத்துப் பாருங்கள். குற்றவாளியின் இருட்டு அறை கிடையாது, சுவரில் ஒட்டிய புகைப்படங்கள் கிடையாது. நாளை காலையில் அலுவலகம் போகிற ஒருவர் சோபாவில் உட்கார்ந்து ஒரு வரி தட்டுகிறார், அப்புறம் தூங்கப் போகிறார். இதில் யாரைக் கைது செய்வது? அதனால் திரைக்கதை ஆசிரியர் அந்த ஆயிரம் பேரையும் கசக்கிப் பிழிந்து ஒரு வெறியனாக்குகிறார். பார்க்கும் கேமர் அந்த வெறியனைத் தன் வாழ்நாளில் சந்தித்ததில்லை. ‘நானும் இப்படி இல்லை, என் நண்பர்களும் இப்படி இல்லை’ என்று நினைக்கிறார். உண்மைதான். போன வாரம் தான் தட்டிய அந்த ஒரு வரி அவர் நினைவுக்கு வருவதில்லை.

கணக்குப் போட்டால் இது இன்னும் தெளிவாகும். ஆயிரம் பேர் ஆளுக்கு ஒரு வரி எழுதுகிறார்கள் என்று வைப்போம். எழுதுகிறவருக்கு அது ஐந்து வினாடி வேலை. ஒவ்வொரு வரியையும் படிக்க அதே ஐந்து வினாடி என்றால்கூட, வாங்குகிறவருக்கு இடைவிடாமல் 83 நிமிடம். அனுப்பியவர் எவரும் 83 நிமிடத் தொல்லை கொடுத்ததாக உணரமாட்டார். அதோடு, அந்த ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ நிஜமான மிரட்டலாக இருக்கலாம், எது என்று தெரியாது. இந்தத் தெரியாமைதான் அந்த வலியின் மையம் என்று நான் நினைக்கிறேன். தொடரில் கேமரா நேரே போய் மிரட்டுகிறவன் முகத்தைக் காட்டிவிடுகிறது, ஒரு மணி நேரத்துக்குள் சந்தேகம் தீர்ந்துவிடுகிறது. நிஜத்தில் அது தீருவதே இல்லை.

புள்ளிவிவரங்களும் சந்தேகத்துக்குத் தீனி போடுகின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பியூ ஆய்வு மையம் 2014-ல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, அமெரிக்காவில் இணையம் பயன்படுத்தும் வயதுவந்தோரில் 40% பேர் ஏதோ ஒரு வகைத் தொல்லையை அனுபவித்திருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் 27% பேர் வசைப்பெயர் வாங்கியவர்கள், உடல்ரீதியான மிரட்டலைச் சந்தித்தவர்கள் 8%. ஒருவருக்கே இரண்டும் நடந்திருக்கலாம். ‘தொல்லை’ என்ற ஒரே சொல் இத்தனையையும் தாங்குகிறது. டிவி அந்தப் பெரிய எண்ணை எடுத்து மிகக் கொடூரமான படத்தோடு ஒட்டுகிறது, சந்தேகப்படுகிறவரோ அதே எண்ணை எடுத்து மிக லேசான வசவோடு ஒட்டுகிறார். எட்டு சதவீதம் என்பது பன்னிரண்டு பேரில் ஒருவர். அது சிறிய எண்ணிக்கை இல்லை.

வசவு எல்லாருக்கும்தானே விழுகிறது, பெண்களுக்கு மட்டும் என்ன தனி என்று கேட்கிறவர்களுக்காகவே நடத்தப்பட்டது போல ஓர் ஆய்வு இருக்கிறது. ஜெஃப்ரி குஸ்னெகாஃப், லின்ட்சி ரோஸ் என்ற இருவர் செய்தது, 2013-ல் வெளிவந்தது. ‘ஹேலோ 3’ ஆட்டத்தில் முன்கூட்டியே பதிவு செய்த சாதாரண வாசகங்களை மைக் வழியே ஒலிக்கவிட்டார்கள். எரிச்சல் மூட்டும் எதுவும் அவற்றில் இல்லை. சில ஆட்டங்களில் ஆண் குரல், சிலவற்றில் பெண் குரல், சிலவற்றில் மௌனம். பெண் குரலுக்குக் கிடைத்த எதிர்மறைப் பேச்சு மற்ற இரண்டையும்விட மூன்று மடங்கு. 2015-ல் மைக்கேல் கசுமோவிச்சோடு சேர்ந்து குஸ்னெகாஃப் அதே ஆட்டத்தின் பதிவுகளை ஆராய்ந்தபோது இன்னொன்று தெரிந்தது: பெண் குரலிடம் அதிகம் சீறியது திறமை குறைந்த ஆண் வீரர்கள். நன்றாக ஆடியவர்கள் அவ்வளவு சீறவில்லை. இது எனக்கு டிவி கதை எதையும்விட நம்பும்படி இருக்கிறது, ஏனென்றால் தோற்றுப்போய்ச் சீறும் அந்த ஆளை நான் பல இரவுகள் கேட்டிருக்கிறேன்.

இரு தரப்பும் சேர்ந்து ஒரே படைப்பைத் திட்டுவதற்கு வருவோம். ஸ்டான்ஃபோர்டில் நடந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு 1985-ல் வெளிவந்தது. 1982-ல் இஸ்ரேலின் கூட்டாளிப் படையினர் பெய்ரூட்டில் பாலஸ்தீன அகதிகளைக் கொன்ற படுகொலை பற்றிய அதே டிவி செய்தித் துணுக்குகளை இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் காட்டினார்கள். இரு தரப்பும் செய்தி தங்களுக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது என்றன. ஒரு விஷயத்தில் ஆழ்ந்த பற்றுள்ளவருக்கு, அதைக் காட்டும் எந்தத் திரையும் எதிரியின் திரையாகத் தோன்றும். எஸ்.வி.யு. நடுநிலையாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை, அது மோசமாகவே எழுதப்பட்டிருந்தது. ஆனால் நன்றாக எழுதியிருந்தாலும் ஒரு பகுதியினர் அதே வேகத்தில் நிராகரித்திருப்பார்கள்.

இந்த நிராகரிப்பில் ஒரு தாவல் ஒளிந்திருக்கிறது. ‘டிவி இதைத் தப்பாகக் காட்டியது’ என்பதிலிருந்து ‘இது நடப்பதில்லை’ என்பதற்கு மனது சத்தமில்லாமல் தாவிவிடுகிறது. முதல் வாக்கியம் சரி. இரண்டாவதற்கு அது ஆதாரமாகாது.

2017 டிசம்பர் 28 அன்று கேன்சஸ் மாநிலம் விச்சிட்டாவில் நடந்ததைச் சொல்கிறேன். ‘கால் ஆஃப் டூட்டி’ ஆட்டத்தில் இருவருக்குள் சண்டை. பந்தயத் தொகை ஒன்றரை டாலர் என்று செய்திகள் வந்தன. ஒருவர், போலீஸுக்குப் பொய்த் தகவல் கொடுப்பதையே வழக்கமாக வைத்திருந்த மூன்றாம் ஆளை, எதிராளியின் வீட்டுக்குப் போலீஸை வரவழைக்கத் தூண்டிவிட்டார். மற்றவர் தான் முன்பு குடியிருந்த பழைய முகவரியைக் கொடுத்து, முடிந்தால் செய்து பார் என்றார். மூன்றாம் ஆள் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து விச்சிட்டா போலீஸை அழைத்து, அப்பாவைச் சுட்டுவிட்டேன், வீட்டில் இருப்பவர்களைப் பிணையாக வைத்திருக்கிறேன் என்று கதை கட்டினார். போலீஸ் வீட்டைச் சூழ்ந்தது. என்ன சத்தம் என்று கதவைத் திறந்த 28 வயதுக்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆட்டத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அழைத்தவருக்கு 2019-ல் 20 ஆண்டுச் சிறை.

இதை ஒரு தொடரில் எழுதிக் கொடுத்தால் தயாரிப்பாளரே ஏற்கமாட்டார். ஒன்றரை டாலரா, தப்பான முகவரியா, சம்பந்தமே இல்லாத ஆளா, யார் நம்புவார்கள் என்பார். எஸ்.வி.யு.வின் கடத்தல் காட்சி கதைக்கு ஏற்றபடி ஒழுங்காக இருந்தது: பகை, திட்டம், இலக்கு. நிஜம் இப்படிக் கோணல்மாணலாகத்தான் வருகிறது.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்றால், புகார் சொல்லப் போகிறவருக்கு. டிவி காட்டிய படம் கேட்கிறவர் மனதில் அளவுகோலாக உட்கார்ந்திருக்கிறது. ‘யாராவது வீட்டுக்கு வந்தார்களா? பின்தொடர்ந்தார்களா? இல்லையா? அப்போது வெறும் மெசேஜ்தானே, பிளாக் பண்ணிவிடுங்கள்.’ படத்தை நம்பியவரும் இதையே சொல்கிறார், நம்பாதவரும் இதையே சொல்கிறார்.

என்னோடு வாரக்கணக்கில் ஒரே அணியில் ஆடிய ஒருவர் ஒருநாள்கூடப் பேசியதில்லை. எல்லாம் சாட்டில் இரண்டு மூன்று சொல், இல்லையென்றால் வரைபடத்தில் ஒரு குறி. மைக் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். நாலு பேர் மட்டும் இருந்த ஓர் இரவில் அவர் மைக்கைப் போட்டு, “வலது பக்கம் ஒருவன் வருகிறான்” என்றார். பெண் குரல். மைக் நன்றாகவே வேலை செய்தது.