பினாங்குக் கடைவீட்டுச் சுவரும் ஒரு மூட்டைச் சுண்ணாம்பும்

மலேசியாவின் பினாங்கில் உள்ள ஜார்ஜ்டவுனில், கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிய பழைய கடைவீடு ஒன்றுக்குக் குடிபோகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பெயிண்டுக்குத்தான் செலவழிக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். ஈரத்துணியால் துடைத்தாலே அழுக்குப் போய்விடும் என்று சொல்லி விற்கப்பட்ட பளபளப்பான பெயிண்டைத் தீபாவளிக்கு முன் கூடத்துச் சுவர் முழுவதும் அடித்து முடித்தோம். பொங்கல் வருவதற்குள், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை சுவரில் சிறு சிறு கொப்புளங்கள் எழுந்துவிட்டன. ஒன்றை ஆணி நுனியால் குத்தியபோது ஒரு சொட்டு நீர் கசிந்து வழிந்தது. தோலை உரித்துப் பார்த்தால், அடியில் பஞ்சுபோல வெண்ணிற உப்பு பூத்திருந்தது. அந்தப் பெயிண்டு மட்டமானது அல்ல, சுவரும் பழுதானது அல்ல. அந்தச் சுவருக்கு அந்தப் பெயிண்டு ஒவ்வாதது, அவ்வளவுதான்.

சுவர் கட்டப்பட்ட விதத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கே எழுந்த கடைவீடுகள் பெரும்பாலும் சூளைச் செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையால் இணைத்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு பூசிக் கட்டப்பட்டவை. நிலத்தின் ஈரம் மேலே ஏறாமலிருக்க இன்றைய வீடுகளில் சுவரின் அடியில் இடப்படும் தடுப்புப் படலம் அவற்றில் கிடையாது. செங்கல்லும் காரையும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்தவை. குத்துவிளக்கின் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல, அந்தத் துளைகள் நிலத்தடி நீரை மேல்நோக்கி இழுக்கின்றன. துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரத்துக்கு நீர் ஏறும்: ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு ஆரம் கொண்ட துளையில் கணக்குப்படி ஏறத்தாழ ஒன்றரை மீட்டரும், அதில் பத்தில் ஒரு பங்கு ஆரம் கொண்ட துளையில் 15 மீட்டரும் ஏற வேண்டும்.

அப்படியிருந்தும் பழைய சுவர்களில் ஈரக்கறை பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்தை ஒட்டி நின்றுவிடுவதற்குக் காரணம், ஏறுகிற நீர் வழியெல்லாம் சுவரின் மேற்பரப்பில் ஆவியாகிக்கொண்டே இருப்பதுதான். அடியிலிருந்து வருகிற நீரும் மேற்பரப்பில் ஆவியாகிற நீரும் எந்த உயரத்தில் சமமாகின்றனவோ அங்கே ஏற்றம் நிற்கிறது. பழைய வீட்டுச் சுவர் மூச்சுவிடும் என்று சொல்வார்களே, அதன் பொருள் இதுதான். சுவருக்குள் காற்று போய் வருவதில்லை, நீராவி வெளியேறுகிறது. பினாங்கில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது, காற்றும் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. ஆவியாதல் இங்கே மெதுவாகவே நடப்பதால், சுவருக்கு அதன் முழுப் பரப்பும் வேண்டியிருக்கிறது.

இத்தகைய சுவரின்மேல் அக்ரிலிக் பெயிண்டு அடித்தால், அதிலுள்ள பிளாஸ்டிக் துகள்கள் காயும்போது ஒன்றோடொன்று ஒட்டி ஒரு மெல்லிய தோலாகின்றன. நீராவி அதன் வழியே அறவே போகாது என்பதில்லை. வருகிற வேகத்துக்கு ஈடுகொடுத்துப் போக முடியாது. தோலுக்கு அடியில் தேங்கும் நீர் அதைத் தள்ளிக் கொப்புளமாக்குகிறது. நிலத்திலிருந்து நீரோடு கரைந்து வந்த உப்போ, நீர் ஆவியாகும் இடத்தில் படிகமாகிறது. வளர்கிற படிகம் தான் அடைபட்டிருக்கும் துளையின் சுவரை நெருக்கித் தள்ளுகிறது. அந்த அழுத்தம் செங்கல்லையே பொடியாக்க வல்லது. கடலை ஒட்டிய ஜார்ஜ்டவுனில் நிலத்தடி நீர் மட்டமும் உயரம், உப்பும் அதிகம். இதைவிடக் கெடுதலான வைத்தியம், ஈரம் தெரிகிற கீழ்ப்பகுதியை மட்டும் சிமெண்டால் பூசிவிடுவது. கெட்டியான சிமெண்டுப் பூச்சு ஆவி வெளியேறும் பரப்பை அடைத்துவிடுவதால், நீர் வழி தேடி இன்னும் மேலே ஏறி, சிமெண்டு முடிகிற கோட்டுக்குச் சற்று மேலே புதிய கறையாக வெளிப்படுகிறது. பழைய வீதிகளின் அஞ்சடியில், அதாவது கடைவீடுகளின் முன்புறம் கூரையோடு ஓடும் நடைபாதையில், நடந்தால் இடுப்பு உயரத்தில் நேர்கோடாக ஓடும் இந்தக் கறையைப் பல தூண்களில் காணலாம்.

இச்சுவர்களுக்குப் பொருந்தும் பூச்சு, நம் பாட்டிமார் ஆண்டுதோறும் அடித்த அதே வெள்ளைதான். அதன் வேதியியலை அறிந்தால் மதிப்புக் கூடும். சுண்ணாம்புக்கல், கிளிஞ்சல், பவளம் மூன்றும் அடிப்படையில் கால்சியம் கார்பனேட்டே. அதைச் சூளையில் ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் கரியமிலவாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சுகிறது. அதில் நீர் விட்டால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகிறது. அதை நீரில் கரைத்துச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிவிடுகிறது. பெயிண்டு சுவரின்மேல் ஒட்டிக்கொள்வது. வெள்ளையோ பூச்சின் துளைகளுக்குள் இறங்கி, அங்கேயே படிகமாகி, சுவரின் ஒரு பகுதியாகிறது. அந்தப் படிகங்களுக்கு இடையிலும் துளைகள் இருப்பதால் நீராவியின் வழி அடைபடுவதில்லை.

இரண்டாம் முறை நாங்கள் சுவரைத் தொட்டபோது, பெயிண்டை முழுவதும் சுரண்டி எடுக்க மூன்று வார இறுதிகள் ஆயின. பெயிண்டுத் தோலின்மேல் சுண்ணாம்பு பிடிக்காது என்பதால் இந்த வேலையைத் தவிர்க்க முடியாது. மிச்சம் இருக்கிறதா என்று அறிய, சுவரில் நீர் தெளித்துப் பார்த்தால் போதும். துளி முத்தாக நின்றால் தோல் இருக்கிறது, உறிஞ்சப்பட்டால் இல்லை. பக்கத்து வீதியில் வசிக்கும் வயதான கொத்தனார் ஒருவர் வந்து, வாளியில் நான் கலக்கியிருந்ததைப் பார்த்ததும், "தம்பி, இது தோசை மாவு மாதிரி இருக்கு, பால் மாதிரி இருக்கணும். முதல்ல சுவத்த நல்லா நனைங்க" என்றார். அவர் சொன்ன இரண்டுக்கும் அறிவியல் காரணம் உண்டு. கரியமிலவாயு சுண்ணாம்போடு சேர்வதற்கு ஈரம் தேவை. உலர்ந்த சுவர் பூச்சின் நீரை உடனே உறிஞ்சிவிட்டால், கல்லாக மாறுவதற்குள் அது காய்ந்து, தொட்டால் கையில் ஒட்டும் வெறும் பொடியாக நின்றுவிடும். காற்றில் கரியமிலவாயு 0.04 விழுக்காடுதான் இருப்பதால் மாற்றம் மெதுவாகவே நடக்கும். கெட்டியாகப் பூசினால் மேற்பரப்பு மட்டும் இறுகி, உள்ளே இறுகாமல் வெடித்து உதிரும். எனவே ஒரு நாள் இடைவெளி விட்டு, மெல்லிய பூச்சாக நான்கைந்து முறை அடிக்க வேண்டும்.

முதல் பூச்சு அடித்தவுடன் சுவரில் எதுவுமே தெரியவில்லை. அழுக்குத் தண்ணீரால் கழுவியதுபோல இருந்தது. மறுநாள் காலையில் அதே சுவர் வெளுத்திருந்தது. நனைந்த வெள்ளை வேட்டி உடலோடு ஒட்டி ஊடே தெரிவதும், காய்ந்ததும் மறைத்துவிடுவதும் எதனாலோ, இதுவும் அதனால்தான். ஈரமாக இருக்கும்போது துகள்களின் இடைவெளியை நீர் நிரப்புவதால் ஒளி அதிகம் சிதறாமல் ஊடுருவிச் செல்கிறது. நீர் போய் அந்த இடத்தில் காற்று வந்ததும், துகளுக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாட்டால் ஒளி நாலாபுறமும் சிதறி வெண்மையாகத் தெரிகிறது.

நிறம் வேண்டுவோர் சுண்ணாம்பின் கடுமையான காரத்தைத் தாங்கும் வண்ணங்களையே சேர்க்க வேண்டும். இரும்பு ஆக்சைடால் ஆன செங்காவியும் மஞ்சட்காவியும் அப்படிப்பட்டவை; துணிக்குப் போடும் நீலத்தில் உள்ள அல்ட்ராமரினும் காரத்துக்கு அஞ்சாது. வண்ணப்பொடி, சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் பிடிப்புக் குறையும். லீத் வீதியில் உள்ள சியோங் ஃபாட் சே மாளிகையின் பெயர்பெற்ற நீலமும் சுண்ணாம்பில் அவுரிச் சாயம் கலந்து பூசியதுதான். பழைய பழக்கத்தில் வச்சிரப் பசையோ கஞ்சியோ கலப்பவர்கள் உண்டு; ஈரம் ஏறும் சுவரில் அவை பூஞ்சைக்கு உணவாகிவிடும் என்பதால் நான் கலக்கவில்லை. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையையே பாதிக்கக்கூடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரும் இதில் இறங்கக் கூடாது. மேலும், ஜார்ஜ்டவுனின் பழைய நகர்ப்பகுதி 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்த எல்லைக்குள் இருக்கும் வீட்டின் முகப்பை மாற்றுவதற்கு முன் மாநகர் மன்றத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டின் நடுவே வானத்துக்குத் திறந்திருக்கும் முற்றத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்தே பார்க்க வேண்டும். கடைவீடு குறுகலாகவும் மிக நீளமாகவும் இருக்கிறது; பக்கத்து வீடுகளோடு ஒட்டி நிற்பதால் பக்கச் சுவர்களில் ஜன்னல் வைக்க வழியில்லை. பிற்பகலில் முற்றத்தின் ஓரத்தில் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி வைத்துப் பார்த்தேன். புகை முதலில் கிடையாகச் சாய்ந்து முற்றத்தின் பக்கம் நகர்ந்து, பிறகு நிமிர்ந்து மேலே போயிற்று. சூடான காற்று எடை குறைந்து முற்றத்தின் வழியே மேலேறும்போது, அந்த இடத்தை நிரப்ப, தெருப்பக்கத்து ஜன்னல் பலகைகளின் இடுக்கு வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. சுவர் விடுகிற ஈரத்தை வெளியே எடுத்துச் செல்வது இந்த ஓட்டமே. மழைக்குப் பயந்து முற்றத்தைக் கண்ணாடிக் கூரையால் மூடி, அறைக்கு அறை குளிர்சாதனம் பூட்டுகிறவர்கள், இலவசமாக நடந்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு மின்கட்டணம் செலுத்துகிறார்கள் என்பது என் கருத்து. மூடித்தான் ஆக வேண்டுமென்றால் கூரையைச் சற்று உயர்த்தி, பக்கவாட்டில் காற்று போக இடைவெளி விட வேண்டும்.

மற்றவை எளியவை. சுட்டமண் தரை ஓடுகளின்மேல் பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டினால், தரை வழியாகப் போக வேண்டிய ஈரமும் சுவரை நோக்கித் திரும்பும், கோரைப்பாய் போதும். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, கால்கள்மேல் நிறுத்த வேண்டும். கெட்டியான பழைய மர நாற்காலிகள் பழம்பொருள் கடைகளில் பேரம் பேசினால் சில வெள்ளி (ரிங்கிட்) குறைவாகவே கிடைக்கும். இந்த வீடுகளின் உயரமான கூடத்துக்கு அவையே பொருந்துகின்றன.

இவை எல்லாம் சுண்ணாம்பும் செங்கல்லுமாகக் கட்டிய வீடுகளுக்கு மட்டுமே. கான்கிரீட்டால் கட்டிய அடுக்குமாடி வீட்டில் ஈரம் வரும் வழியே வேறு. அங்கே வெள்ளை சரியாகப் பிடிக்கவும் பிடிக்காது, சாதாரண பெயிண்டே தகும். பழைய வீட்டிலும், வெள்ளையடித்ததால் நிலத்து நீர் ஏறுவது நின்றுவிடாது. எங்கள் கூடத்தில் இப்போதும் மழைக்காலத்தில் முழங்கால் உயரம் வரை நிறம் சற்று மங்கி, உப்புப் பொடி மெல்லிதாக உதிர்கிறது. அதை உலர்ந்த தென்னந்துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிட்டு, தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு அந்தப் பகுதிக்கு மட்டும் இரண்டு பூச்சு அடிக்கிறோம். முதல் ஆண்டு வாங்கிய சுண்ணாம்பு மூட்டையில், வாய் இறுகக் கட்டி வைத்த பாதி இன்னும் மீதம் இருக்கிறது.