பூனை உள்ள வீட்டில் லில்லி வேண்டாம்: பண்டிகைக் காலப் பூக்களும் வளர்ப்பு விலங்குகளும்

நாகர்கோவிலில் கால்நடை மருத்துவராகப் பணிபுரியும் எனக்கு, டிசம்பர் 20 தொடங்கி மாட்டுப் பொங்கல் முடியும் வரையிலான நான்கு வாரங்களில் வரும் நோயாளிகளைப் பார்த்தே ஊரில் எந்த வீட்டில் என்ன அலங்காரம் நடந்திருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிட முடியும். குமரி மாவட்டத்தில் கிறிஸ்துமஸ் குடில் கட்டாத தெரு குறைவு. குடிலைப் பிரித்து வைத்த சில நாள்களிலேயே போகிக்கு வேப்பிலையும் சிறுபீளையும் ஆவாரம்பூவும் வாசலுக்கு வந்துவிடும். பூவும் தழையும் இல்லாமல் எந்தப் பண்டிகையும் நமக்கு இல்லை. அவை வீட்டை எவ்வளவு அழகாக்குகின்றன என்பதை நானும் அறிவேன். ஆனாலும் அதே வீட்டில் பூனையோ நாயோ ஆடோ மாடோ இருந்தால், எந்தப் பூவை உள்ளே கொண்டுவருகிறோம் என்று ஒரு கணம் யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் காலையில், ஓர் ஆசிரியை தம் நான்கு வயது வெள்ளைப் பூனையைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தார். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, முதல் நாள் நான்கைந்து முறை வாந்தி எடுத்தது, பிறகு நின்றுவிட்டதால் சரியாகிவிட்டதென்று நினைத்தோம் என்றார். பூனையின் நெற்றியிலும் காதோரத்திலும் வெள்ளை முடியின் மேல் காவி நிறத்தில் ஏதோ பொடி ஒட்டியிருந்தது. விரலால் தொட்டபோது எண்ணெய்ப் பசையோடு என் கையுறையில் கறையாகப் படிந்தது. வீட்டில் லில்லிப் பூ இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. யாரோ அன்போடு கொடுத்த பூங்கொத்து, வரவேற்பறை மேசையில். "ஆனா டாக்டர், அது ஒரு இலையக்கூடக் கடிக்கல, பூவெல்லாம் அப்படியே முழுசா இருக்கு" என்றார் அவர். அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். பூவைக் கடிக்க வேண்டிய தேவையே இல்லை. மேசையில் ஏறிப் பூவை உரசிய பூனை, வழக்கம்போல் தன் உடலை நக்கிச் சுத்தம் செய்துகொண்டபோது மகரந்தம் உள்ளே போய்விட்டது. இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினினின் அளவு, சிறுநீரகங்கள் ஏறக்குறைய நின்றுவிட்டதைக் காட்டியது. இரண்டு நாள் போராடியும் அதைக் காப்பாற்ற என்னால் முடியவில்லை.

இங்கே நான் லில்லி என்று சொல்வது, ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களில் பசுமைக்குடில்களில் விளைந்து, ஆறு பெரிய இதழ்களும் நீட்டிய மகரந்தத் தாள்களுமாகப் பூங்கொத்துக் கடைகளுக்கு வரும் பூவை. வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு என எந்த நிறமாக இருந்தாலும் பூனைக்கு நஞ்சுதான். இதழ், இலை, தண்டு, மகரந்தம், பூச்சாடியில் உள்ள தண்ணீர் என அதன் எல்லாப் பகுதிகளும் ஆபத்தானவை. இதே பூவை நாய் தின்றால் பெரும்பாலும் வயிற்றுக் கோளாறோடு போய்விடும். பூனைக்கு மட்டும் சிறுநீரகத்தின் நுண்குழல்களை அது அழித்துவிடுகிறது. முதல் சில மணி நேரத்தில் வாந்தியும் எச்சில் வடிதலும் சோர்வும் வரும். பிறகு வாந்தி தணிந்து, குணமாகிவிட்டது போன்ற ஒரு தோற்றம் ஏற்படும். அந்தத் தோற்றத்தை நம்பி வீட்டார் காத்திருக்கும் வேளையில்தான், ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள், சிறுநீரகங்கள் செயலிழக்கின்றன. மாற்று மருந்து கிடையாது. நரம்பு வழியாக இரண்டு மூன்று நாள் இடைவிடாமல் திரவம் ஏற்றுவதே சிகிச்சை, அதையும் சிறுநீரகம் பழுதடைவதற்கு முன்பே தொடங்கியாக வேண்டும். வேறொரு வீட்டிலிருந்து, மூக்கில் மகரந்தத்தைக் கண்ட மூன்று மணி நேரத்துக்குள் கொண்டுவரப்பட்ட பூனை இன்றும் நலமாக இருக்கிறது. இரண்டு பூனைகளுக்கும் இடையிலிருந்த வேறுபாடு நேரம் ஒன்றுதான்.

மகரந்தப் பைகளைக் கத்தரித்துவிட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது, இலையும் இதழும் அதே நஞ்சோடுதான் இருக்கும். பூனை வளர்ப்பவர்கள் பூங்கொத்து வாங்கும்போது ரோஜா, ஜெர்பரா, ஆர்க்கிட் ஆகியவற்றைக் கேட்டு வாங்கலாம். பரிசாக வந்த கொத்தில் லில்லி இருந்தால், தயக்கமின்றிப் பூனை இல்லாத வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். பீஸ் லில்லி என்று தொட்டியில் விற்கப்படும் செடி பெயரில் மட்டுமே லில்லி. மணி பிளான்ட்டைப் போலவே அதன் இலையிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு, கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். சிறுநீரகத்தை அது தாக்குவதில்லை.

இவ்வளவு கொடிய பூவை மேசையில் வைத்துவிட்டு, வாசலில் இருக்கும் பாயின்செட்டியாவைக் கண்டு மக்கள் அஞ்சுவதுதான் எனக்கு ஆண்டுதோறும் வருத்தம் தருகிறது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட இச்செடியை, அந்நாட்டில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜோயல் பாயின்செட் 1828 வாக்கில் தம் நாட்டுக்கு அனுப்பியதால் அவர் பெயரே அதற்கு நிலைத்தது. நாம் பூ என்று எண்ணும் சிவப்புப் பகுதி நிறம் மாறிய இலைதான், நீண்ட இரவுகள் வரும் மாதங்களில் அது சிவக்கிறது. 1919-இல் ஹவாயில் ஒரு குழந்தை இதன் இலையைத் தின்று இறந்ததாகக் கிளம்பி, ஒருபோதும் உறுதிப்படுத்தப்படாத ஒரு செய்தியிலிருந்தே இதற்குக் கொடிய நஞ்சு என்ற பெயர் வந்தது. இதன் பால் தோலில் பட்டால் அரிக்கும், விலங்கு தின்றால் வாய் எரிந்து ஓரிரு முறை வாந்தி எடுக்கும். எட்டாத உயரத்தில் வைத்தால் போதும்.

குடிலுக்கு வருவோம். தட்டில் முளைக்கவைத்த நெல்லும் கேழ்வரகும், வைக்கோலும், தென்னங்குருத்தும், சவுக்குக் கிளையும் குடிலில் இருப்பதால் விலங்குகளுக்குத் தீங்கு நேர்ந்து நான் கண்டதில்லை. முளைத்த பயிரைப் பூனைகள் விரும்பி மேயும் என்பதால், குடிலுக்கு விதைக்கும்போது இன்னொரு தட்டில் பூனைக்கென்றும் சிறிது விதைத்துவிட்டால் குடிலும் கலையாமல் இருக்கும். நான் அஞ்சுவது சைக்கஸ் ஓலையைப் பற்றித்தான். பனை போலவும் பெரணி போலவும் தோன்றும் அந்தச் செடியின் விறைப்பான ஓலைகள் நெடுநாள் வாடாமல் இருப்பதால் அலங்காரத்துக்கு வெட்டிவருகிறார்கள். அதன் எல்லாப் பகுதிகளிலும், குறிப்பாகக் கொட்டையில், கல்லீரலை அழிக்கும் நஞ்சு இருக்கிறது. சிறிய நாய் ஒன்றிரண்டு கொட்டையைக் கடித்து விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து. நாய்க்குட்டி இருக்கும் வீட்டில் இதற்குப் பதிலாகப் பாக்குமர ஓலையையோ தென்னோலையையோ பயன்படுத்துங்கள்.

நஞ்சே இல்லாத மல்லிகையாலும் பிச்சிப்பூவாலும்கூட நான் அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்திருக்கிறது. காரணம் பூவன்று, அதைக் கட்டிய நூல். சரத்தோடு விளையாடும் பூனை நூலை விழுங்கத் தொடங்கினால், அதன் நாக்கிலுள்ள பின்னோக்கிய முட்கள் காரணமாகத் துப்ப முடியாமல் விழுங்கிக்கொண்டே போகும். ஒரு முனை நாக்கினடியில் மாட்டிக்கொள்ள, மறு முனை குடலுக்குள் நகரும்போது, நாடாவை இழுத்தால் பாவாடை சுருங்குவதைப் போலக் குடல் முழுவதும் நூலின் மேல் சுருங்கி, பல இடங்களில் அறுபடுகிறது. கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் மினுமினுக்கும் சரிகைத் தாளும் இதையே செய்யும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் முனை தெரிந்தால் ஒருபோதும் இழுக்காதீர்கள். அழைத்துவாருங்கள். கூடுமானால் வாழைநாரில் கட்டிய பூவை வாங்குங்கள். நைலான் நூல் அளவுக்கு அது குடலை அறுப்பதில்லை.

அரளியைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது, ஏனெனில் நாகர்கோவிலை அடுத்த எங்கள் தோவாளை பூவுக்கும் மாலைக்கும் பேர்போன ஊர். செவ்வரளியையும் வெள்ளரளியையும் நொச்சி இலையோடு மடித்துக் கட்டும் தோவாளை மாணிக்க மாலை புவிசார் குறியீடு பெற்றது. அதைக் கட்டும் கைகளின் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. சுவாமிக்குச் சாத்திய மாலையால் எந்தத் தீங்கும் இல்லை. அது வாடிய பிறகு எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. அரளியின் நஞ்சு இதயத் தசையின் துடிப்பைக் குலைக்கிறது. காய்ந்த பின்னும் அந்த நஞ்சு குறைவதில்லை. பச்சை இலையின் கசப்பால் அதை ஒதுக்கும் ஆடுமாடுகள், காய்ந்ததை மற்ற தழையோடு சேர்த்துத் தின்றுவிடும். ஒரு தை மாதத்தில் வேலியோரம் வீசப்பட்ட பழைய மாலைகளைத் தின்ற இரண்டு வெள்ளாடுகளில் ஒன்று, நான் போய்ச் சேருமுன்பே இறந்து கிடந்தது. மாட்டுப் பொங்கலன்று மாட்டின் கழுத்தில் கிரேந்தி (செண்டுமல்லி) மாலையும் வேப்பிலையும் ஆவாரம்பூவும் போதுமானவை. பக்கத்து மாடு எட்டிக் கடிக்கும் இடத்தில் அரளி மாலை வேண்டாம். கழற்றிய அரளி மாலைகளைக் குப்பைமேட்டில் போடாமல் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள்.

எதையாவது தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்கவைக்க உப்புத் தண்ணீர் கொடுக்க வேண்டாம். நஞ்சோடு உப்பின் கேடும் சேர்ந்துகொள்ளும். பாலும் மாற்று மருந்தன்று. பூனையின் முடியில் மகரந்தம் தெரிந்தால் ஈரத்துணியால் துடைத்து, நக்க முடியாதபடி துண்டில் சுற்றி உடனே புறப்படுங்கள். ஆடுமாடுகளுக்கு 1962 என்ற எண்ணை அழைத்தால் அரசின் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். எதுவாக இருந்தாலும் தின்ற செடியின் ஒரு கொப்பையோ பூவையோ கையோடு எடுத்துவாருங்கள். "ஏதோ ஒரு செவப்புப் பூ" என்ற விளக்கத்தை வைத்துக்கொண்டு லில்லியையும் அரளியையும் பாயின்செட்டியாவையும் என்னால் பிரித்தறிய முடியாது, மூன்றுக்கும் சிகிச்சை வேறு.